நஞ்சறுப்பான் இலையும் எலியின் பாதமும்

எலியின் பின்னங்காலில், கணுவுக்குச் சற்று மேலே, மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுவோம். அந்தக் கோடு வரைக்கும்தான் காலை முக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் அதே கோடு, அதே ஆழம், கூடுமானவரை அதே ஆளின் கை. கால் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதைக் குழாயில் ஏறும் மட்டம் காட்டிவிடும். பிளெதிஸ்மோமீட்டர் என்று பெயர். இப்போது நீரும் டிஜிட்டல் திரையுமாக வருகிறது; நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பாதரசம். பாதரசத்தில் எலி காலை உதறினால் என்ன ஆகும் என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். மேசைக்கடியில் குனிந்து, சிதறிய மணிகளைத் தாளால் கூட்டிச் சேர்த்திருக்கிறோம், கையுறை கூட இல்லாமல்.

மருந்தியல் ஆசிரியை நான். மூலிகை இலைகள் வீக்கத்தைக் குறைக்குமா, ஒவ்வாமையைத் தடுக்குமா என்று பார்ப்பதில் என் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதி போயிற்று. நொச்சி, ஆடாதோடை, முடக்கத்தான், வாதநாராயணன், தூதுவளை என்று நம் வேலியிலும் வயல்வரப்பிலும் நிற்பவை பலவும் எங்கள் லேபுக்குள் வந்து போயிருக்கின்றன. மாணவர்கள் ஆண்டுதோறும் மாறுவார்கள், இலை மாறும், சோதனை மட்டும் மாறாது.

சோதனை இதுதான். எலிகளை முந்தின இரவே பட்டினி போட்டுவிடுவோம், தண்ணீர் உண்டு. காலையில் ஒரு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் சி.எம்.சி. கரைசல், ஒரு பிரிவுக்கு ஒப்பீட்டுக்காக இண்டோமெத்தசின் என்ற வீக்க மருந்து, மற்ற இரண்டுக்கு இலைச்சாறு இரண்டு அளவுகளில். எல்லாம் வாய்வழியாக, முனை உருண்ட ஊசிக்குழாயில். ஒரு மணி நேரம் கழித்துப் பாதத்தின் அடியில் 1 சதவீதக் காராஜினன் கரைசல் 0.1 மில்லி. காராஜினன் என்பது சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் பிசின். ஐஸ்கிரீம் கெட்டிப்படவும் சேர்க்கிறார்கள். நாம் தின்றால் ஒன்றும் செய்யாதது, எலியின் பாதத்துக்குள் போனால் மூன்று நான்கு மணி நேரத்தில் காலைக் கொழுக்கட்டை ஆக்கிவிடும். முதல் ஒரு மணி நேரத்து வீக்கத்துக்கு ஹிஸ்டமினும் செரட்டோனினும் காரணம்; பிறகு பிராடிகைனின்; மூன்றாம் மணியை ஒட்டிப் புரோஸ்டாகிளாண்டின்கள் ஆட்சிக்கு வரும். அதனால் மூன்றாம் மணிக் கணக்கைத்தான் எல்லோரும் அட்டவணையில் தடித்த எழுத்தில் போடுவார்கள்.

எது எந்த எலி என்று தெரிய, மஞ்சள் பிக்ரிக் அமிலத்தால் தலையில் ஒன்று, முதுகில் ஒன்று, வாலில் ஒன்று என்று புள்ளி வைப்போம். எங்கள் விலங்குக்கூடத்தை வெகுகாலம் பார்த்துக்கொண்ட அண்ணன், எலியைத் தூக்கும் விதமே தனி. துணியைப் போர்த்தி, கழுத்துத் தோலை இரு விரலில் பிடித்து, சத்தமே இல்லாமல் மேசைக்குக் கொண்டுவருவார். புதிதாக வரும் மாணவர்களிடம் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “தம்பி, நீங்க பயந்தா அதுவும் பயப்படும். பயந்த எலி உங்களுக்குத் தப்புக் கணக்குதான் குடுக்கும்.”

அவர் படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் சொன்னது மருந்தியல். அரண்டுபோன எலியின் அட்ரினல் சுரப்பி கார்ட்டிகோஸ்டீரோனை இரத்தத்தில் கொட்டும். அது தானே வீக்கத்தை அடக்கும். ஆக, எலியைத் துன்புறுத்தும் எதுவும் ‘வீக்கம் குறைக்கும் மருந்து’ என்று தேறிவிடும். கடுப்பான இலைச்சாறு வயிற்றைப் புண்ணாக்கினாலும் பாதம் வீங்காது. வாய்வழியாகக் கொடுக்காமல் வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்டால் இந்தக் கோளாறு இன்னும் அதிகம். பச்சைச் சாறு உள்ளே போய் எரிச்சலைக் கிளப்பும், காலில் வீக்கம் இறங்கும், மாணவன் மகிழ்வான். அட்ரினல் நீக்கிய எலியிலும் அதே பலன் வருகிறதா என்று பார்ப்பது பழைய மருந்தியலாளர்களின் வழக்கம். கடினமான வேலை, உயிர்ச்சேதமும் உண்டு. இன்று அதைச் செய்பவர்கள் அருகிவிட்டார்கள்.

இந்தச் சோதனையை 1962இல் வெளியிட்டவர்கள் வின்டர், ரிஸ்லி, நஸ் ஆகிய மூவர். அமெரிக்காவின் மெர்க் நிறுவன ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள். அடுத்த ஆண்டே அதே ஆய்வகத்திலிருந்து இண்டோமெத்தசின் வந்தது. அதாவது, ஆஸ்பிரின் வகை மருந்துகளைத் தேடிப் பிடிக்கவென்றே செய்யப்பட்ட வலை இது. அந்த வகை மீன் சிக்கும். வேறு மீன் நழுவும். ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு ஆஸ்பிரினும் இண்டோமெத்தசினுமே மூச்சுத்திணறலைக் கிளப்பிவிடும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த சேதி. அப்படியிருக்க, பாத வீக்கத்தைக் குறைத்த இலையை ‘ஆகவே ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்கும் நல்லது’ என்று ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவேன். வீக்கம் வேறு, ஒவ்வாமை வேறு. இரண்டுக்கும் வெவ்வேறு கேள்வி, வெவ்வேறு எலி.

ஒவ்வாமைக்கான கேள்வியை மாஸ்ட் செல்லிடம் கேட்க வேண்டும். 1870களின் கடைசியில் மாணவராக இருந்த பால் எர்லிக் சாயங்களை வைத்துக் கண்டுபிடித்த செல் இது. இன்றைக்கும் நாங்கள் சாயத்தை வைத்துத்தான் பார்க்கிறோம். எலியின் வயிற்றறையைக் கழுவி எடுத்த நீரிலோ, குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வுத் துண்டிலோ மாஸ்ட் செல்கள் கிடைக்கும். டொலுடின் புளூ நீலச் சாயம்தான். ஆனால் அந்தச் செல்லின் மணிகளில் பட்டதும் கத்தரிப்பூ நிறமாக மாறும். அருமையான காட்சி. மணிகள் உள்ளே கச்சிதமாக அடைந்திருந்தால் செல் அமைதியாக இருக்கிறது. 48/80 என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் செல் வெடித்து மணிகள் சுற்றிலும் இறைந்து கிடக்கும். அந்த மணிகளுக்குள் இருப்பதுதான் தும்மலையும் அரிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமின். இலைச்சாறு முன்கூட்டியே போயிருந்தால் எத்தனை செல் வெடிக்காமல் தப்பின என்று நூறு நூறாக எண்ண வேண்டும். எண்ணுகிறவருக்கு எந்த ஸ்லைடு எந்தப் பிரிவு என்று தெரியக் கூடாது. தெரிந்தால், பாதி வெடித்த செல்லை வேண்டிய பக்கம் சேர்த்துவிடும் கண். இது நேர்மைக் குறைவு அல்ல. கண்ணின் சுபாவம் அப்படி. அதனால் ஸ்லைடுகளுக்கு எண் ஒட்டும் வேலையை எப்போதும் அடுத்த லேப் மாணவியிடம் கொடுத்துவிடுவேன்.

ஒப்பீட்டுக்கு நாங்கள் வைக்கும் மருந்து சோடியம் குரோமோகிளைகேட். இதன் பூர்வீகமும் செடிதான். எகிப்துப் பக்கத்தில் வயிற்று வலிக்குப் பயன்பட்ட அம்மி விஸ்நாகா விதையில் கிடைத்த கெல்லினிலிருந்து கிளைத்த தொடர் இது. ராஜர் ஆல்டூனியன் என்ற மருத்துவர், தானே ஆஸ்துமாக்காரர், விலங்குகளை நம்பாமல் ஒவ்வாத பொருளைத் தானே முகர்ந்து, தன் மூச்சுக்குழலிலேயே ஒவ்வொரு கூட்டுப்பொருளாகச் சோதித்து 1965 வாக்கில் இதைத் தேர்ந்தெடுத்தார். பிற்பாடு, எலியின் மாஸ்ட் செல்லில் குரோமோகிளைகேட்டைவிடப் பல மடங்கு வீரியம் காட்டிய மருந்துகள் வரிசையாக வந்தன. மனிதரிடம் போனதும் கைவிட்டன. எலி வயிற்றின் மாஸ்ட் செல்லும் மனித நுரையீரலின் மாஸ்ட் செல்லும் ஒரே சாதி இல்லை. 48/80 நம் நுரையீரல் செல்லை அசைப்பதே இல்லை. இது தெரிந்தும் அந்தச் சோதனையைச் செய்கிறோம், ஏனென்றால் அதற்கு அடுத்த படியில் ஏற இது வேண்டும். அடுத்த படியில் ஏறாமலே நின்றுவிடுவதுதான் எங்கள் துறையின் வியாதி.

கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டில் ஹிஸ்டமினைப் பார்ப்பது இன்னொரு வழி. டைரோடு என்ற உப்புக் கரைசலில், 37 டிகிரிச் சூட்டில், காற்றுக் குமிழ்களுக்கு நடுவே தொங்கும் விரல் நீளக் குடல், ஹிஸ்டமின் பட்டதும் சுருங்கும். நெம்புகோல் முனை உயர்ந்து டிரம்மில் கோடு கிழிக்கும். டிரம்மைச் சுற்றிய பளபளப்புத் தாளில் மண்ணெண்ணெய்ச் சுடரின் புகையை ஒரே சீராக ஏற்றுவது ஒரு கலை. பரீட்சை நாளில் மாணவிகள் மூக்கில் கரியோடு வெளியே வருவார்கள். பதிவான தாளை வார்னிஷில் முக்கிக் கொடியில் காயப்போட்டால்தான் படம் நிற்கும். இன்று இளநிலை வகுப்புகளில் அதெல்லாம் இல்லை. புதுச்சேரி ஜிப்மரில் உருவான எக்ஸ்பார்ம் போன்ற மென்பொருளில் குடல் திரையிலேயே சுருங்குகிறது. பயிற்சிக்காக விலங்கைக் கொல்ல வேண்டியதில்லை, நல்லது. ஆனால் திரைக் குடல் ஒருநாளும் அடம்பிடிக்காது. அடம்பிடிக்கும் குடல் கற்றுக்கொடுத்ததை அது கற்றுத்தராது.

விலங்குகள் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இருந்தும், 1998இல் விதிகள் வந்த பிறகுதான் கல்லூரிகளில் நெறிமுறைக் குழு, பதிவு எண், எத்தனை எலி, ஏன் அத்தனை என்ற கேள்விகளெல்லாம் வந்தன. அப்போது எங்களில் பலர் முணுமுணுத்தோம். இப்போது யோசித்தால், எங்கள் ஆய்வை ஒழுங்குபடுத்தியது அந்தக் கேள்விகள்தான் என்று படுகிறது. ஒரு பக்கவிளைவும் உண்டு. அனுமதிக்கு அலைய மனமில்லாதவர்கள் முட்டை வெள்ளைக்கரு உறையாமல் தடுக்கிறதா, இரத்தச் சிவப்பணு உடையாமல் காக்கிறதா என்ற கண்ணாடிக்குழாய்ச் சோதனைகளுக்குத் தாவிவிட்டார்கள். கடுக்காயும் தேயிலைத் தூளும் கூட அந்தச் சோதனையில் தேறும். துவர்ப்பு நிறைந்த எதுவும் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அதை மருத்துவக் குணம் என்று அச்சிடுவதை நான் ஏற்பதில்லை.

நஞ்சறுப்பானுக்கு வருகிறேன். இந்தத் தொழிலின் மேடு பள்ளம் முழுவதையும் ஒரே கொடியில் பார்க்க வேண்டுமென்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். வேலிகளில் ஏறிப் படரும் கொடி. எதிரெதிர் இலை, மஞ்சளும் ஊதாவும் கலந்த சின்னப் பூ, கொம்பு போல இரட்டைக் காய், வெடித்தால் பஞ்சு. 1782இலேயே தாவர நூலில் அதற்கு ஆஸ்துமாவின் பெயரைச் சூட்டிவிட்டார்கள்: அஸ்கிளெபியாஸ் ஆஸ்துமாட்டிக்கா. பின்னால் டைலோஃபோரா ஆயிற்று. இப்போது சில தாவரவியலாளர்கள் வின்செடாக்சிகம் என்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர்கள் இபிகாகுவானா வேருக்குப் பதிலாக, வாந்தி எடுக்க வைக்கவும் சீதபேதிக்கும் இதன் வேரைப் பயன்படுத்தினார்கள்.

1935இல் ரத்னகிரீஸ்வரனும் வெங்கடாசலமும் இதிலிருந்து டைலோஃபோரின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்தார்கள். அதன் மூலக்கூறு அமைப்பைச் சென்னை மாநிலக் கல்லூரியில் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் அவர் மாணவர்களும் 1950களில் தொடங்கி முடிச்சவிழ்த்தார்கள். இன்றுள்ள கருவிகள் எதுவும் இல்லாத காலம் அது. மூலக்கூறை உடைத்து, துண்டுகளை அடையாளம் கண்டு, கடைசியில் தாங்களே அதைத் தொகுத்துக் காட்டினார்கள். 1980ஐ ஒட்டிச் சென்னை மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் நிலையத்தில் கோபாலகிருஷ்ணன், லலிதா காமேஸ்வரன் முதலியோர் தனி டைலோஃபோரினை விலங்குகளுக்குக் கொடுத்து வீக்கம் குறைவதையும் மாஸ்ட் செல் வெடிப்பு அடங்குவதையும் காட்டினார்கள். இலைச்சாறு அல்ல, ஒற்றை மூலக்கூறு. வீக்கத்துக்கு ஒரு சோதனை, ஒவ்வாமைக்கு வேறொரு சோதனை. என் மாணவர்களுக்கு மாதிரியாக நான் நீட்டுவது அந்தக் கட்டுரைகளைத்தான்.

மனிதரிடம் இது அதற்கு முன்பே போய்விட்டது. தில்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் டி.என். சிவபுரியும் உடன் பணியாற்றியவர்களும் 1960களின் கடைசியில் ஆஸ்துமா நோயாளிகளுக்குத் தினம் காலையில் ஓர் இலை, ஆறு நாள், மென்று விழுங்கக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் நஞ்சறுப்பான் தின்றவர்களில் 62 சதவீதம் பேருக்கும் போலி மருந்து பெற்றவர்களில் 28 சதவீதம் பேருக்கும் சொல்லும்படியான நிவாரணம் கிடைத்ததாக வந்தது. ஊரெல்லாம் பேச்சு. இலை தின்றவர்களுக்கு வாய் புண்ணானதும், உப்புச் சுவை தெரியாமல் போனதும், குமட்டலும் அதே கட்டுரைகளில் இருந்தன. எனக்கு அங்கேதான் சந்தேகம். வாய் எரிந்தவனுக்குத் தான் தின்றது மெய்யான இலை என்று தெரியாதா? மருந்து எது, போலி எது என்று நோயாளிக்குத் தெரியாமல் மறைக்கும் ஏற்பாடு நாக்கிலேயே உடைந்துபோகிறது. 1978இல் சென்னையில் கே.வி. திருவேங்கடம் குழுவினர் போலி மருந்தோடு ஒப்பிடுவதை விட்டு, அப்போது வழக்கத்திலிருந்த ஆஸ்துமா மருந்தோடு நேருக்கு நேர் நிறுத்தினார்கள். நோயாளிக்கு வேண்டிய கேள்வி அதுதான். 1979இல் வந்த இன்னொரு இரட்டை மறைப்பு ஆய்வில் நஞ்சறுப்பானுக்கும் போலி மருந்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை. 1991இல், எலிகளில் இந்தச் செடி அட்ரினல் சுரப்பியைத் தூண்டுகிறது என்று ஒரு கட்டுரை வந்தது. படித்தபோது எங்கள் விலங்குக்கூட அண்ணன் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

ஆய்வுகள் முன்னுக்குப்பின் முரணாகப் போனதற்கு இலையே ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. எங்களுக்கு மூலிகை கொண்டுவந்து தரும் ஒரு பெரியம்மா உண்டு. நஞ்சறுப்பான் கேட்டால், “எந்த நஞ்சறுப்பான் டீச்சரம்மா? இந்தப் பக்கம் சொல்றதா, ஆத்துக்கு அந்தப் பக்கம் சொல்றதா?” என்பார். பூவும் காயும் இல்லாத பருவத்தில் அதே குடும்பத்துக் கொடிகள் பல, உலர்ந்த இலையாக வந்தால், ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் எங்கள் விதி: பூவோடு கூடிய கிளையை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் தென்மண்டல மையத்துக்கோ, திருச்சி புனித வளனார் கல்லூரி ராபினாட் ஹெர்பேரியத்துக்கோ அனுப்பி, பெயர் உறுதியாகி வந்த பிறகுதான் சாறெடுப்பு. இந்த ஒரு தாளுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க மாணவர்களுக்குப் பொறுமை இருப்பதில்லை. ‘நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது’ என்று எழுதி முடித்துவிடுகிற ஆய்வேடுகளைத் தேர்வாளராகப் பார்த்திருக்கிறேன். அவற்றில் எந்தச் செடி சோதிக்கப்பட்டது என்று எழுதியவருக்கே தெரியாது.

சாறெடுப்பில் பெரிய ரகசியம் ஏதுமில்லை. நிழலில் உலர்த்தி, கொரகொரப்பாக அரைத்து, பெட்ரோலியம் ஈதரில் கொழுப்பைப் போக்கி, பிறகு சொக்ஸ்லெட்டில் எத்தனால். 1879இல் பாலின் கொழுப்பை அளக்கச் செய்த கருவி இன்று உலகத்து இலைகளையெல்லாம் வடிக்கிறது. கடைசியில் குடுவையின் அடியில் கரும்பச்சைப் பசை ஒன்று மிஞ்சும். சுரண்டுவதற்குள் விரல் நோகும்.

அந்தப் பசையின் கணக்கைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் கொடுத்து வீக்கம் பாதியானது என்று கட்டுரை சொல்லும். உடற்பரப்பு முறையில் மனிதருக்கு மாற்ற ஏறக்குறைய 6.2ஆல் வகுக்க வேண்டும்; 60 கிலோ ஆளுக்கு நாலு கிராம் பசை வரும். நூறு கிராம் உலர் இலையில் பத்துக் கிராம் பசை கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், தினம் 40 கிராம் உலர்ந்த இலை. பச்சையாக அள்ளினால் கால் கிலோவை நெருங்கும். நஞ்சறுப்பான் அல்ல, முருங்கைக்கீரையையே மருந்தென்று தினமும் அத்தனை தின்னச் சொன்னால் யாரும் தின்னமாட்டார்கள்.

இப்படி எழுதுவதால் இலைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஆடாதோடையின் வாசிசின் என்ற ஆல்கலாய்டிலிருந்து கிளைத்த புரோம்ஹெக்சினும் அம்புராக்சாலும் இன்று எல்லா மருந்துக்கடையிலும் இருமல் சிரப்பாக நிற்கின்றன. அந்தப் பாதையை நடந்து முடித்தவர்கள் ஜெர்மானிய நிறுவனத்தார். நாம் பாத வீக்கத்தோடு நின்றுவிட்டோம். ‘மேற்கொண்டு ஆய்வு தேவை’ என்ற வாக்கியத்தோடு முடிந்த ஆய்வேடுகள் நம் கல்லூரி நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்த அடுத்த ஆய்வைச் செய்ய வந்த மாணவர் அபூர்வம். அப்படி வந்தவருக்கும் வழிகாட்டி புதிய இலை ஒன்றைக் கொடுத்து, பழைய சோதனையையே செய்யச் சொல்லியிருப்பார். பலனே காட்டாத இலைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, எழுதினாலும் இதழ்கள் போடுவதில்லை. அதனால் தேறாத இலையையே நான்கு ஊர்களில் நான்கு பேர் திரும்பச் சோதித்து எலிகளை வீணாக்குகிறார்கள். வழிகாட்டிகளும் இதழாசிரியர்களும் இதை மாற்ற முடியும்; மாற்ற வேண்டும்.

என்னிடம் அதிகம் பேர் கேட்பது, “மேடம், ஆஸ்துமாவுக்கு நஞ்சறுப்பான் இலையை மெல்லலாமா?” என்றுதான். மெல்ல வேண்டாம். நீங்கள் பறிப்பது அந்தக் கொடிதானா என்பது உறுதியில்லை, அதுவாகவே இருந்தாலும் வாய்ப்புண்ணும் வாந்தியும் வரலாம், நிவாரணம் நிச்சயமில்லை. மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை எந்த இலைக்காகவும் நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே ஏதாவது மூலிகை எடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த முறை போகும்போது அதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.